புலப்படம்

ராத்திரியே தானாக அப்டேட் ஆகியிருக்கிறது.
காலையில் மஞ்சக்குப்பம் கடையில்
பிரவுசரைத் திறந்தால் பச்சைக் கோடுகள்.
அஞ்சலாட்சியின் புலப்படம்
கிழக்கே பாதி கருப்பு.

“எங் கொழுந்தன் வேலிய நகட்டுன
அதே எடந்தாம்பா.
இதுக்கும் காசு குடுத்துட்டானா?”

கேஷ் அழித்தேன். வேறு பிரவுசர்.
அதிலும் கருப்பு.
பிரிண்ட் கொடுத்தேன்.
தாளில் நிலம் முழுசாக வந்தது,
நாலு கல்லும் அதனதன் இடத்தில்.

அவள் தாளை வாங்கவில்லை.
திரையையே பார்த்திருந்தாள்.

ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை அணைத்து
கிராபிக்ஸ் டிரைவரைப் பிடித்திழுத்துப்
போன மாசத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.
ரீஸ்டார்ட்.
வட்டம் சுற்றச் சுற்ற
அவள் வாய் எதையோ எண்ணியது.

கருப்பு விலகிற்று.
மூலையில் மறுபடி கேட்கிறது,
இப்போதே புதுப்பிக்கவா என்று.

“இங்க ஒரு முருங்க நிக்கணுமே”
விரலால் தொட்டுக் காட்டினாள்,
வெறும் கோட்டை.