எழுபத்திரண்டாவது

ஃபூக்லோய் தீவின் மேற்குச் சரிவில்
நான்கு பேட்டரி தீர்ந்தும்
மூட்டம் விலகிக் கிடைத்தது பதினோரு நிமிடம்.
எட்டு ஜிபி.

"என் போன் கிழடு, சின்னதாக அனுப்பு"
என்கிறான் எய்ட்பியோர்ன்.
அவனுக்கு வேண்டியது அழகில்லை, ஆட்டுக் கணக்கு.

பிரிட்டா ஃபோர்-கேயைக் கைவிடுகிறாள்.
பிட்ரேட்டைக் குறைக்கக் குறைக்கக்
கோப்பு மெலிகிறது.
புல் பச்சைச் சதுரங்களாகிறது,
மூட்டம் படிக்கட்டாகிறது.
இரண்டு மெகாபிட். போதும்.
காபி ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

இரவு பதில் வந்தது: எழுபத்தொன்று.
ஒன்றைக் கடல் கொண்டிருக்கும், பரவாயில்லை.

மூலக் கோப்பை
நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறாள்.
ஏழாம் நிமிடம், செங்குத்தின் விளிம்பில், பாறையிடுக்கில்
பாறை நிறத்தில் ஒரு முதுகு.
நாற்பது பிரேம் தள்ளி
ஒரு காது அசைகிறது.

அசையாததை எல்லாம்
'முன்பு போலவே' என்று
எழுதிவிட்டு நகரும் அந்தச் சுருக்கம்
அதைக் கல்லோடு சேர்த்திருந்தது.

ஏழாம் நிமிடத்தை மட்டும் வெட்டுகிறாள்.
முழு அளவு. நூறு மெகாபிட்.
எந்தப் போனும் வாங்காது; வாங்க வேண்டாம்.

காலைப் படகு ஏழே காலுக்கு.
மடிக்கணினியைக் கம்பளிச் சட்டையில் சுற்றிப்
பைக்குள் வைக்கிறாள்,
மேலே
முப்பது மீட்டர் கயிறு.