மூன்றாம் எச்சரிக்கை, எபேன்

புயல் எச்சரிக்கை மூன்றுக்கு ஏறியதும்
மெட்ரோ நின்றுவிட்டது.
ஜெரோம் கூர்பிப்பில் தன் வீட்டில்,
தொலைபேசியில் குரலாக மட்டும்.
பதினோராம் மாடியில் நான்,
ஜெனரேட்டர்,
நேற்று வாங்கிய பிரியாணியில் பாதி,
நாற்பது விருந்தாளிகள்.

விருந்தாளி என்றுதான் எங்கள் தொழிலில் பெயர்.
ஒரே இரும்புப் பெட்டிக்குள் நாற்பது கணினிகள்;
ஒவ்வொன்றும் பெட்டி முழுக்கத் தனது என்று நம்பும்.
ஒவ்வொன்றின் நினைவகமும் பூஜ்ஜியத்தில் தொடங்கும்.
உண்மையான பூஜ்ஜியம் ஒன்றுதான்.
அதை யாருக்கும் கொடுப்பதில்லை.

தன் பக்க அட்டவணையை விருந்தாளியே எழுதிக்கொள்ளும்,
இந்தப் பக்கம் அந்தச் சட்டகத்தில் என்று,
கணக்குப்பிள்ளையின் கவனத்தோடு.
அதற்கு அடியில் எங்கள் ஏடு.
'அந்த' என்றால் எந்த என்பது
அதைப் புரட்டினால்தான் தெரியும்.
அப்படி ஓர் ஏடு இருப்பதே
விருந்தாளிக்குத் தெரியாது.

ஒரே ஒரு சொல்லை எடுத்துவர
அதன் ஏட்டில் நான்கு படி,
படிக்குப் படி எங்கள் ஏட்டில் நான்கு,
கடைசியில் இன்னும் ஒரு நான்கு:
இருபத்துநான்கு முறை நடக்க வேண்டும்.
யாரால் முடியும்?
ஒருமுறை கண்ட இடத்தைச் செயலி
உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறது.
அடுத்த முறை ஏட்டைத் திறக்காது,
கையைப் பார்க்கும்.

இரவு ஒன்று பத்துக்கு
துறைமுகத்தின் சரக்குப் பட்டியலில்,
உறைந்த சூரைமீன், நாற்பதடிப் பெட்டி
என்று இருக்க வேண்டிய இடத்தில்
'வேலாயுதன் சூப்ராயன், கொதிகலன் பிரிவு,
கூடுதல் நேரம் ஆறு மணி'
என்றிருந்தது.

சர்க்கரை ஆலையின் சம்பளக் கணக்கு ஏழாம் விருந்தாளி.
துறைமுகம் இருபத்தொன்று.
ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கக் கூடாது.
வேலாயுதனோ மீன்பெட்டியாக எண்ணப்பட்டு
டர்பனுக்குக் கப்பலேறத் தயாராக இருந்தார்.
சிரித்தேன்.
பிறகு கை குளிர்ந்தது.

கண்ணாடிக்கு வெளியே காற்று
எதையோ இழுத்துக்கொண்டு போனது, தகரமாக இருக்கலாம்.
ஜெரோம் பதிவுகளை வரிவரியாக வாசித்தான்.
மாலையில் ஆலையின் ஒரு பக்கத்தை வேறிடத்துக்கு மாற்றி
பழைய இடத்தைத் துறைமுகத்துக்குக் கொடுத்திருக்கிறோம்.
ஏடு திருத்தப்பட்டது. கொரெக், என்றான்.
கையைக் கழுவுங்கள் என்று எல்லாக் கோர்களுக்கும் ஆணை போனது.
கொரெக்.
ஒன்பதாவது மட்டும் அப்போது உறக்கத்தில்.
உறங்குவதை எழுப்ப வேண்டாம்,
விழித்ததும் தானே கழுவிக்கொள்ளும் என்று
யாரோ எழுதி வைத்திருந்தார்கள்.
விழித்தது.
கழுவவில்லை.
பழைய வீட்டுக்கே போய்
ஆறு மணி நேரத்தை இறக்கிவைத்தது.

யார் எழுதிய வரி என்று பார்த்தோம்.
என் பெயர். மார்ச் பதினான்கு.
ஜெரோம் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த மார்ச்சில் என் பெட்டிகளை வண்டியில் ஏற்றியவன்
அவன்தான்.

திருத்தம் சின்னது.
விழிக்கும் வாசலில் ஒரு கேள்வி:
நீ உறங்கியபோது ஏடு மாறியதா?
மாறியிருந்தால் முதலில் கழுவு.
இரண்டு வரி. சோதிக்க நான்கு மணி நேரம்.
வேலாயுதனின் ஆறு மணி அவர் கணக்கில் விழவில்லை,
சேர்த்துவிடுங்கள் என்று
ஆலைக்கு ஒரு கடிதம் எழுதினேன்.
அவருக்கு இது எதுவும் தெரியப்போவதில்லை.

காலையில் எச்சரிக்கையை நீக்கினார்கள்.
சாலையெல்லாம் இலை,
சிக்னல் விளக்கு தலைகீழாகத் தொங்கியது.
டாக்ஸிக்காரர் எங்கே என்று கேட்டார்.
போ-பாசென், என்றேன்,
மருந்துக்கடைக்குப் பின்னால் இரண்டாம் சந்து,
நீலக் கதவு.

அங்கே இப்போது லோகநாதன்தான் இருக்கிறான்,
அவனும் அவன் நாயும்.
என் சாவி காத்ர் போர்னில் ஒரு வாடகை அறைக்கானது.
ஐந்து மாதமாக.

சொல்ல வாய் திறப்பதற்குள்
வண்டி அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.