நான்காம் எண்ணிலிருந்து

கையுறையைக் கழற்றியாகிவிட்டது.
பக்கம் இருநூற்றுப் பதினொன்று.
மந்தைவெளியில் நான் பஸ் ஏறும்போது
அவள் கையில் இருந்தது.
அடையாறு பாலம் இறங்குவதற்குள் இல்லை.

முப்பத்தொரு வருடம்.
வண்ணாந்துறை பெட்டிக்கடையில்
வியாழக்கிழமைதோறும் கிளிப்பில் தொங்கிய தொடர்கதை,
ஐந்து பாகம்.
கப்பல் தலைவி வெயினிக்கு
இடது கையில் மட்டும் சாம்பல் நிற உறை.
தூங்கும்போதும் கழற்றியதில்லை,
சனியின் வளையத்தில் மாட்டிக்கொண்டு
கடைசிப்படி அரிசியைப் பங்கு வைத்தபோதும்,
துரோகியை அறைந்தபோதும்.
ஏனென்று எழுதியவர் சொல்லவில்லை.
கேட்டுப் போட்ட கார்டுகளுக்கெல்லாம்
நலம், நலமறிய ஆவல் என்றுதான் பதில்.

அதனால் நாங்களே சொல்லிக்கொண்டோம்.
உறைக்குள் கையே கிடையாது,
உறைதான் கை என்றாள் ஜுபைதா.
யாருடைய விலாசமோ பேனாவால் எழுதியிருக்கிறது,
வெளியே எடுத்தால் வேர்த்து அழிந்துவிடும் என்றேன் நான்.
விண்வெளியில் எப்படிடா வேர்க்கும்?
அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.
எட்வின் எதையும் ஊகிக்கவில்லை.
தானும் ஒரு உறை மாட்டிக்கொண்டு
பதினோரு மாதம் டியூஷனுக்கு வந்தான்,
மே மாதம் உட்பட.
சொறி வந்தபிறகுதான் விட்டான்.

இப்போது எழுபத்தெட்டு வயதில்
மூன்று பாகம் முன்கதை எழுதியிருக்கிறார்.
அவரேதான். அதுதான் தாங்கவில்லை.
வேறு யாராவது எழுதியிருந்தால்
திட்டிவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

ஒன்பது வயதில், ஆய்வகத்தில், அமிலம்.
அவ்வளவுதான்.
கூடவே ஒரு மாமா,
அந்தக் கோணல் சிரிப்பு அவரிடமிருந்து வந்ததாம்.
ஒரு பூனை, அதன் பேர்தான் கப்பலுக்காம்.
துரோகி அவளோடு ஒரே பெஞ்சாம்.
இவ்வளவு பெரிய பிரபஞ்சத்தில்
எல்லாரும் ஒரே தெருக்காரர்கள்.

ஷார்ஜாவுக்கு ஒரு சொல் அனுப்பினேன்: அமிலம்.
எந்த அமிலம் என்று கேட்டாள்,
இருபது வருடக் கெமிஸ்ட்ரி டீச்சர்.
நள்ளிரவில் மறுபடி வந்தது:
நான் படிக்கப்போவதில்லை.
நீ சொன்னது என் காதில் விழவும் இல்லை.

சனிக்கிழமை நந்தனம், புத்தகக் காட்சி.
எட்டுப் பாகமும் ஒரே அளவில், பளபளவென்று,
முதுகில் எண் போட்டு நிற்கின்றன.
முன்கதைக்கு ஒன்று, இரண்டு, மூன்று.
பதினாறு வயதில் நான் தடுமாறி உள்ளே விழுந்த கதவுக்கு
இப்போது எண் நான்கு.

பள்ளி அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஒரு பெண்,
கையில் ஒரு புத்தகத்துக்கான காசு.
வரிசையாப் படிம்மா, அப்பதான் புரியும்
என்கிறார் விற்பவர்.
புரியும். அதுதானே.

ஒலிபெருக்கி யாரோ ஒரு குழந்தையின் சட்டை நிறத்தைச்
சொல்லிக்கொண்டிருந்தது.
அந்த இரைச்சலில் நான்கை உருவி அவளிடம் நீட்டினேன்.
புரட்டிப் பார்த்தாள்.
அங்கிள், இது நடுவுலேர்ந்து ஆரம்பிக்குது.
ஆமாம்.
முன்னாடி என்ன ஆச்சுன்னு?
தெரியாதும்மா என்றேன்.
வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில்
இதைத்தான் திருப்பிச் சொல்லத் தயார்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.
பிறகு ஒன்றாம் எண்ணை வாங்கிக்கொண்டு போனாள்.
அட்டையில் பூனை இருந்தது.

போகட்டும்.
அவளுக்குத் தெரியாமலிருக்க
வேறு ஏதாவது மிச்சமிருக்கும்.

மெட்ரோவில் கதவு காற்றுப்புகாமல் மூடியது,
நாங்கள் கற்பனை செய்த கப்பலைப் போலவே.
வெளியே ஒரே இருட்டு, உள்ளே ஐஸ்பெட்டிக் குளிர்.
கம்பியிலிருந்து இடது கையை எடுத்துப் பார்த்தேன்.
ஜுபைதாவுக்கு எழுதினேன்:
வேர்க்கும்.