எந்தத் தபால்பெட்டியிலும் போடலாம்

மில்வாக்கியில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி
ஹோட்டல் கார்ட்வெல் நின்றது. பதினொரு மாடி.
வெந்நீர் ஏழாவதோடு களைத்துவிடும்.
எட்டுக்கு மேல் அறை கேட்டால்
‘காட்சி நன்றாயிருக்கும்’ என்பேன்.
பதினாறு வருஷம் அந்த மேசையில் நின்றேன்,
அது பொய்யில்லை.

இடிப்பதற்கு முன் மூன்று நாள் விற்பனை.
கட்டில் நாற்பது டாலர். விளக்கு எட்டு.
கதவு நூற்றிருபது, கழற்றுவது உங்கள் பாடு.
மார்ச் குளிரில் வரிசை தெருமுனை தாண்டியது.
தங்க வராத ஊர்
தட்டுமுட்டு வாங்க வந்திருந்தது.

டாரில் க்ரெப்ஸ் சொந்த ஸ்க்ரூடிரைவரோடு வந்தான்,
614-இன் கதவுக்கு.
நான் கேட்கவில்லை, அவனே சொன்னான்:
உள்ளே இருந்த இரவு மறந்துவிட்டதாம்,
வெளியே நின்று தட்டியதுதான் நினைவாம்.
திறந்தாளா என்று கேட்பதற்குள்
கதவை முதுகில் ஏற்றிக்கொண்டு போய்
வாசலின் சுழல்கதவில் சிக்கிக்கொண்டான்.
இரண்டு கதவுக்கும் நடுவே
பத்து நிமிஷம் நின்றான், பாவம்.

டிராகிட்சா எதுவும் வாங்கவில்லை.
இருபத்திரண்டு வருஷம் விரித்த படுக்கைகளில்
ஒன்றிலாவது படுத்துப் பார்க்கிறேன் என்று
902-க்குப் போனாள், ஷூவோடு.
‘தொந்தரவு செய்யாதீர்’ அட்டையை எடுத்துப் போனேன்.
மாட்டுவதற்குக் கதவு இல்லை,
காலையிலேயே விற்றிருந்தோம்.
கையில் பிடித்தபடி
நானே நின்றேன், ஒரு மணி நேரம்.

308-இல் மாத வாடகைக்கு இருந்தவர் லீலண்ட் ப்ரூயிட்.
முப்பது நாள் கெடுவும் ஆறாயிரத்துக்குக் காசோலையும் தந்தார்கள்.
புதிய கட்டடத்தில் 308 உண்டா என்று கேட்டார்.
வரைபடத்தைப் பார்த்துச் சொன்னேன்:
மூன்றாம் மாடி முழுக்கக் கார்கள்.
‘வெப்பமூட்டியதா?’ என்றார்.
ஆமாம், வெப்பமூட்டியதுதான்.

இப்போது முப்பத்திரண்டு மாடி, கண்ணாடி.
என்னையே விற்பனைக்கு வைத்துக்கொண்டார்கள்.
வீட்டை விற்பதற்கு, என்னை அல்ல,
இந்தத் திருத்தத்தை அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்.
மாதிரி வீடு பதினான்காவதில்:
கிண்ணத்தில் மெழுகு எலுமிச்சை,
அலமாரியில் முதுகு மட்டும் உள்ள புத்தகங்கள்,
விரலை வைத்தால் திறக்கும் பூட்டு.
குழாயைத் தொட்டால் உடனே வெந்நீர்.
விற்றுத் தீர்ந்தது முக்கால்வாசி.
இரவு பஸ்ஸுக்கு நிற்கையில் எண்ணுகிறேன்,
விளக்கெரிவது ஒன்பது ஜன்னல்.
பிப்ரவரியின் மட்டமான செவ்வாயில்கூட
கார்ட்வெலில் அறுபது எரியும்,
அதில் பாதி, டிவியை அணைக்காமல் தூங்கியவர்கள்.

ஜூனில் தபால்காரி யோலண்டா வந்தாள்.
‘ஹலினா, தபால்கூலி பாக்கி, ஐந்து டாலர் சில்லறை.’
உறை இல்லை. கடிதம் இல்லை.
பித்தளைச் சாவி, வில்லையோடு. 1107.
வில்லையின் பின்புறம் தேய்ந்த எழுத்தில்:
‘மறந்து கொண்டுபோனால்
எந்தத் தபால்பெட்டியிலும் போடலாம்.
கூலி எங்களுடையது.’

எங்களுடையது. கொடுத்தேன்.

யாரோ ஒருவர், எந்த ஊரிலோ,
பழைய கோட்டின் பைக்குள் கைவிட்டு
முப்பது வருஷம் பிந்திய நேர்மையோடு
பெட்டியைத் தேடி நடந்திருக்கிறார்.
அன்று மதியம் கணக்குப் போட்டேன்.
பழைய மாடிகள் உயரம் குறைவு.
1107-இன் தரை இருந்த உயரத்தில் இன்று
எட்டாம் வீட்டுக் கூரைக்கும் ஒன்பதாம் வீட்டுத் தரைக்கும் நடுவே
காற்றுக்குழாய் ஓடுகிறது.
அங்கேதான் அந்தக் கதவு,
யாராவது திறக்கப் போவதானால்.

ஆகஸ்டுக்குள் நான்கு சாவி ஆயிற்று.
மாதிரிச் சமையலறையின் இழுப்பறையில் போட்டுவைத்தேன்,
அதில் வேறெதுவும் இல்லாததால்.

நேற்று ஒரு தம்பதி. அந்தம்மாள் எல்லாவற்றையும்
இழுத்துப் பார்க்கிற ரகம்.
வில்லையைத் திருப்பி விலாசத்தை வாய்விட்டுப் படித்தாள்.
‘இது இங்கேதானே?’

ஆமாம் என்றேன். கொஞ்சம் கீழே.

கணவர் ஜன்னலருகே நின்று
ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவள் சாவியை உடனே திருப்பி வைக்கவில்லை.