மாதிரி எண் ஒன்பது

பொதுக்குழாயின் வாயை நெருப்பில் காட்டி
ஒரு நிமிடம் தண்ணீரைச் சும்மா ஓடவிட்டு
அப்புறம்தான் பிடிக்க வேண்டும் என்றிருந்தார் மேடம்.
குடத்தோடு நின்றவர்கள் என்னைத் திட்டினார்கள்.

டிபன் பாக்ஸில் ஐஸ், ஐஸுக்குள் பாட்டில்.
இண்டூரிலிருந்து தர்மபுரி வரைக்கும்
மடியிலிருந்து இறக்கவில்லை.
“என்ன பாப்பா, ரத்தமா?” என்றார் கண்டக்டர்.

பதினைந்து குழாய்கள். ஊதா நிற ஊடகம்.
ஒவ்வொன்றுக்குள்ளும் தலைகீழாக ஒரு குட்டிக் குழாய்.
உயிர் இருந்தால் அது மூச்சு விடும்.
மூச்சு மேலே போய் முட்டி நிற்கும்.
ஊதா மஞ்சளாகும்.
இவ்வளவுதான் பாடம்.

நடுவில் கரண்ட் போனது.
யாரும் இன்குபேட்டரைத் திறந்துவிடாதபடி
கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு
கடலை உருண்டை தின்றான் தீர்த்தகிரி.

இரண்டாம் நாள் எண்ணினோம்.
ஐந்து, நான்கு, இரண்டு.
அட்டவணையில் விரல் வைத்துப் போனால்
இருநூற்றிருபது.
ஷாகிரா கொண்டுவந்த டீக்கடை டிரம் தண்ணீருக்கே
பதினேழுதான்.
“ஒன்பது யார் ஊருப்பா?” என்றார் மேடம்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.

எங்கள் டேங்கின் தூணில்
‘சுத்தம் செய்த நாள்’ என்று ஒரு நீலக் கட்டம்.
அதற்குள் தேதி எழுதுகிறவர்
டேங்க் ஆபரேட்டர் மாதப்பன். என் அப்பா.
மாதம் இரண்டு முறை தேதி மாறும்.
ஏணியில் ஏழாவது படி இல்லை, தெரியும்.
அப்பாவின் இடது முட்டி தெரியும்.
ஐந்து மாதச் சம்பள பாக்கி தெரியும்.
ப்ளீச்சிங் பவுடர் மூட்டை
பஞ்சாயத்து ஆபீஸ் மூலையில் கல்லாகிப்போனதும்.

ரெக்கார்டில் இதற்கெல்லாம் இடமில்லை.
மாதிரி எடுத்த இடம்: பொதுக்குழாய்.
முடிவு: குடிக்கத் தகுதியற்றது.
கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று
பத்துக்கு ஒன்பதரை போட்டார் மேடம்.

சனிக்கிழமை சாப்பிடும்போது
சொம்பை என் பக்கம் நகர்த்தினார் அப்பா.
நான் எடுக்கவில்லை.
விக்கல் வந்தும் எடுக்கவில்லை.
“காய்ச்சித் தரச் சொல்லட்டா?” என்றார்,
காய்ச்சலா என்று கேட்காமல்.

ஞாயிறு காலை
கட்டத்தில் புதுத் தேதி.
தொட்டேன், விரலில் ஒட்டியது.
மோந்து பார்த்தால் பெயிண்ட் வாசனைதான்.
திரும்பியவள்
ஏணியைப் பார்த்தேன்.
வெள்ளைப் பொடி அப்பிய பாதத் தடம்
முதல் படியில், இரண்டாவதில்,
ஆறாவது வரைக்கும்.
அதற்குமேல் பார்க்க விடாமல்
வெயில்.