நடுவில் ஒரு கட்டம்

செவ்வாய், காலை எட்டு மணி: பனி ஏழு சென்டிமீட்டர்.
வெள்ளி: நான்கு.
ஞாயிறு: அளவுகோலின் காலடியில்
கொஞ்சம் வெள்ளைப் பொடி, அவ்வளவுதான்.

கோபிப் பாலையின் வடவிளிம்பு.
வானிலைக் கொட்டகையின் ஒரே ஆள் நன்சல்மா
கையுறையைக் கழற்றி மண்ணைத் தொடுகிறாள்.
ஈரமில்லை.
உறைநிலைக்குப் பதினெட்டு டிகிரி கீழே
எந்தப் பனி உருகும்?

பதிவேட்டில் மூன்று கட்டங்கள்.
பெய்தது. உருகியது. மிச்சம்.
முதலில் ஏழு, கடைசியில் சுழி.
நடுக்கட்டத்தின் மேல் பேனா நிற்கிறது.
மை உறைந்துவிட்டது, நல்லவேளை.

கொம்போசுரென் வந்தான்.
பைக்கை அணைக்கவில்லை;
அணைத்தால் மறுபடி கிளம்பாது.
முந்நூறு ஆடுகள், கிணறோ இருபது கிலோமீட்டர்.
குளிர்காலம் முழுக்கப் பனியை நக்கியே
தாகம் தீர்க்கிற மந்தை.
“போன வாரம் இருந்ததே, யார் எடுத்தது?”
“காற்று.”
“காற்று தள்ளியிருந்தால் பள்ளத்தில் கிடக்கும்.
பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.”
“தள்ளவில்லை. தின்றுவிட்டது.”

கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனாள்.
கொடியில் அவள் கணவனின் கால்சட்டை.
வெள்ளிக்கிழமை தட்டினால் கதவுபோல ஒலித்தது,
இறக்கி வைத்தால் ஆளில்லாமல் தானே நின்றது.
இன்று துணி.
கீழே ஒரு சொட்டு விழுந்த தடமில்லை.

அவன் முழங்கால் பகுதியைக் கசக்கிப் பார்த்தான்.
“கால்சட்டை காய்ந்தால் சரி.
என் ஆட்டுக்குத் தொண்டை காய்ந்தால்?”

பதங்கமாதல்.
எட்டாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண் எனக்கு.
திண்மம் திரவமாகாமல் நேரே வாயுவாவது,
எடுத்துக்காட்டு: பாச்சை உருண்டை.
பதங்கம் என்றால் பறவை என்றும் விட்டில் என்றும்
அகராதி வெகுநாள் கழித்துத்தான் சொன்னது.
தண்ணீரில் கால் நனைக்காமல்
பனிக்கட்டி பறந்துபோகிறது என்று
பெயர் வைத்தவருக்குத் தோன்றியிருக்கலாம்.
தாகத்தோடு கீழே நிற்பவரை
அவர் நினைத்தாரா, தெரியவில்லை.

தார்ப்பாயை விலக்கினாள் நன்சல்மா.
கிணற்றடியில் வெட்டி வந்த பனிப்பாளங்கள்,
அவள் வீட்டுக் குளிர்காலத் தேநீர் அத்தனையும்.
“மூடி வைக்காவிட்டால் இதையும் விடாது.”
இரண்டு சாக்கு நிரப்பிக் கொடுத்தாள்.
முந்நூறுக்குக் காணாது.
சினையாடுகள் சிலவற்றுக்கு ஒருவேளைக்கு ஆகும்.
அவன் கணக்குப் போடாமல் கட்டினான்,
போட்டால் கை நடுங்கும்.

பைக் சத்தம் தேய்ந்தபின்
பேனாவை அக்குளில் வைத்துச் சூடாக்கினாள்.
உருகியது: சுழி.
தலைமையகம் வானொலியில் கூப்பிடும்,
ஏழு எங்கே போனது, கணக்கு இடிக்கிறதே என்று.
கட்டத்துக்கு வெளியே, ஓரக்கோட்டையும் தாண்டி
சிறியதாக எழுதினாள்:
நனையாமல் போனது, ஏழு.

கொடுத்த இரண்டு சாக்கை
எங்கும் எழுதவில்லை.