தண்டம் பத்து ரூபாய்

சீடியின் மேல் கறுப்பு மார்க்கரில் என் கையெழுத்து:
‘கிழக்கு அடி – தொகுப்பு ஒன்று.’
தொகுப்பு இரண்டு வரவேயில்லை.
நாற்பது அடித்தோம், பன்னிரண்டு விற்றது,
அதிலும் நாலு கடன்.

இப்ப என் லப்டொப்பில் சீடி போட வழியில்லை.
ஆரையம்பதியில் போன் கடைப் பொடியன் ஒருவன்
தூசி தட்டி ஒரு டிரைவை எடுத்தான்.
“கலியாண வீடியோவா அக்கா?”
ஓம் என்றேன்.

முதல் பாட்டு மோசம்.
அன்றைக்கும் மோசம்தான், ஒருவரும் சொல்லவில்லை.
கல்லடியில் ஒரு கொமினிகேஷனின் பின்னறை,
சுவருக்கு முட்டை மட்டை, மைக்குக்கு ஸ்கூல் சொக்ஸ்.
டோகாவிலிருந்து ஸிம்லானின் மச்சான் அனுப்பிய கெசட்டில்
அமெரிக்காவின் தெற்குப் பொடியன்கள்
நாக்கை இழுத்து இழுத்துப் பேசினார்கள்,
பகல் சோறு தின்ற ஆக்கள் மாதிரி.
விளங்கியது கால்வாசி. தாளம் முழுசா.
பேரில ‘தெற்கு’ என்று போடுவமா என்றான் ஜெனார்த்.
எங்களுக்குத் தெற்கென்றால்
செக்பொயின்ற் எல்லாம் தாண்டிப் போகிற வேற தெற்கு.
கிழக்கு என்றே வைத்தோம்.

ஒரு சட்டமும் வைத்தோம்.
பாடும் மீனைப் பற்றி எவன் வாய் திறந்தாலும்
தண்டம் பத்து ரூபாய்.
மீன், வாவி, பாலம், நிலா எல்லாம்
கலாசார விழாக்காரருக்கு.
காசாளர் நான். நெஸ்டமோல்ட் பேணி ஒன்று.

மூன்றாவதில் ஸிம்லான் தன் காரைப் பற்றி முழங்குகிறான்.
அவனிடம் இருந்தது வாப்பாவின் லுமாலா.
இப்ப மெய்யாகவே கார் இருக்கு, கல்முனையில் டயர் கடையும் இருக்கு.
அனுப்பினேன்.
“அழிச்சிடு, புள்ளையள் கேட்டிரும்.”

ஐந்தாவதில் அந்த அடி.
எந்த மெஷினிலும் அப்படியொரு பாஸ் இல்லை என்று
பெருமை வேறு பட்டோம்.
படுவான்கரைக்குப் போன செல்.
வெட்டவில்லை, அப்படியே விட்டோம்.
அதற்கு மேலே ஜெனார்த் ஒரு சொல்லை நீட்டுவான்,
என்ன ஸ்டைல் என்று கை தட்டினோம்.
இன்று ஹெட்போனில் கேட்டால் ஸ்டைல் இல்லை.
பொடியனுக்கு மூச்சு வரவில்லை.

ஆறு, ஏழு, எட்டு. தாண்டினேன்.

ஒன்பது, றெக்ஸி ஒக்கர்ஸ்.
பட்டறையிலிருந்து நேரே வருவான், கையில் இரும்பு மணம்.
எங்களில் கடைசி ஆள் என்று அவனை வைத்திருந்தோம்.
கேட்கக் கேட்கத் தெரிகிறது, மற்றவன்களெல்லாம் கத்த
இவன் ஒருவன்தான் கதைத்திருக்கிறான்.
பாட்டு முழுக்க ஜெனரேட்டர் இரைச்சல்.
அதற்கும் அவனைத்தான் ஏசினோம்.

“கலியாணம் இல்லையே அக்கா” என்ற பொடியன்
ஏதோ ஒரு அப்பில் போட்டு
இரைச்சலை வெங்காயம் மாதிரி உரித்தான்.
அடியில் றெக்ஸி,
கடைசி வரிக்குப் பிறகு, தாளத்துக்கு வெளியே, மெல்ல:
“கேக்குதா, மீன் பாடுது.”

நக்கலோ என்னவோ.
கேட்கவும் ஏலாது. அந்த ஆவணியில்
பட்டறையால் கிறுகி வருகிற றோட்டில்
சைக்கிள் மட்டும் ஸ்டாண்ட் போட்டு நின்றது.

மறுகா ஒருநாள் பேணியைக் கவிழ்த்து எண்ணினேன்.
அறுபது ரூபாய்.
கணக்குச் சரி என்று கொப்பியில் எழுதிக்
கையெழுத்தும் வைத்தேன்.

பிழை. எழுபது.